பூர் ஹகபா: சோளம் கொழிக்கும் மாவட்டத்தில் பஞ்சம் முதலில் வருவது ஏன்?

வரைபடப்பித்தன் | பதிவு 1

சோமாலியாவின் பே மாகாணத்தைப் பற்றிப் படிக்கும்போது ஒரு முரண் உறுத்துகிறது. நாட்டிலேயே சோளம் அதிகம் விளைவது அங்கேதான். ஆனால் 2022 செப்டம்பர் 5 அன்று பஞ்ச முன்னறிவிப்பு வந்தபோது குறிக்கப்பட்ட இடங்கள் எவை? பைதோவா, பூர் ஹகபா மாவட்டங்களின் கிராமப்புறமும், பைதோவா நகரில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களின் முகாம்களும். வரைபடத்தில் இந்தக் கிராமப்புறத்துக்குக் கொடுத்திருக்கும் அடையாளம் 'பயிரும் மேய்ச்சலும் கலந்த பகுதி'. பயிர் பொய்த்தால் ஆடு மாடு, ஆடு மாடு போனால் பயிர் என்று இரண்டு ஊன்றுகோல் உள்ளவர்கள் ஏன் முதலில் சாய்கிறார்கள்? போர் ஒரு காரணம் என்பது தெரியும். அதைத் தாண்டி மண், நீர், சாகுபடி, மந்தை, மக்கள் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கல்மலை | பதிவு 2

தரையிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

பே மாகாணம் ஜூபா ஆற்றுக்கும் ஷபெல்லே ஆற்றுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு ஆறுமே பூர் ஹகபாவைத் தொடுவதில்லை. மொகதிஷுவிலிருந்து அஃப்கோய், வன்லவெய்ன் வழியாக பைதோவா போகும் சாலையில், பைதோவாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் முன்னால் இந்த ஊர் வரும். சமவெளி நடுவே திடீரென்று மொட்டைப் பாறைக் குன்றுகள் எழுந்து நிற்கும். அவற்றில் ஒன்றின் அடிவாரத்தில்தான் ஊர் இருக்கிறது. இவை மிகப் பழைய அடித்தளப் பாறைகள். சுற்றியிருந்த மண்ணும் மென்பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்துபோக, கரையாதது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பாறையின் வகைதான் நீரின் தலையெழுத்து. பைதோவா சுண்ணாம்புப் பாறை மேல் இருக்கிறது. அங்கே ஊற்று உண்டு. நகரம் உருவானதே அந்த ஊற்றால்தான். பூர் ஹகபாவின் அடியில் இருப்பது கடினப் பாறை. வெடிப்புகளில் மட்டுமே நீர் தேங்கும், அதுவும் பல இடங்களில் உப்பு. அதனால் 'ஆழ்துளைக் கிணறு போட்டால் தீர்ந்தது' என்று யாராவது சொன்னால், எந்தப் பாறையில் என்று முதலில் கேளுங்கள்.

மண் இரண்டு வகை. தாழ்வான இடங்களில் கனமான கறுப்புக் களிமண். அதை அங்கே அடப்லே என்கிறார்கள். ஏறக்குறைய நம் கரிசல்தான்: கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் ஒட்டும், ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும். மேட்டில் சிவப்பு மணல் கலந்த முட்புதர்க் காடு, அது டோய். அடப்லேயில் சோளம், டோயில் ஒட்டகம். ஒரே குடும்பம் இரண்டிலும் கால் வைத்திருக்கும்.

மானாவாரி | பதிவு 3

கல்மலை சொன்ன இரண்டு மண்ணையும் நான்கு பருவத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை கூ, பெருமழைக் காலம். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஹகா. பே பகுதியில் இது பெரும்பாலும் காற்றும் மேகமுமாகப் போகும். அக்டோபர், நவம்பரில் டெய்ர், சிறு மழை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஜிலால், கொடுங்கோடை. ஆண்டு மழை பொதுவாக 400 முதல் 600 மில்லிமீட்டர். அளவைவிட, எப்போது தொடங்கி எத்தனை நாள் விட்டு விட்டுப் பெய்கிறது என்பதுதான் கணக்கு.

விதைப்பு இரண்டு விதம். ஒன்று, மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் போடுவது. மற்றொன்று, முதல் நல்ல மழை இறங்கி ஈரம் ஒரு சாண் போனதும் போடுவது. கருவி, யாம்போ என்ற குட்டைப்பிடி மண்வெட்டி. காலெட்டுக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு சிட்டிகை, அதாவது ஏழெட்டு விதை. முளைத்த பின் கலைத்து மூன்று நான்கை விடுவார்கள். இடைவெளி 90 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஹெக்டேருக்குப் பன்னிரண்டாயிரம் குழிக்குமேல், விதை சுமார் 3 கிலோ ஆகும்.

தவறுவது இங்கேதான். மார்ச் கடைசியில் ஏமாற்று மழை ஒன்று வரும். உலர்விதைப்பு முளைத்துவிடும், அடுத்த இருபது நாள் வானம் பார்க்காது. பயிர் கருகும். மறுபடி விதை. அதுவும் கருகினால் மூன்றாம் முறை. அதற்குள் விதைச்சோளம் தீர்ந்துபோய்க் கடைச்சோளத்தை விதையாக வாங்குவார்கள். அது எந்த ரகம், எந்த ஊர், எத்தனை பங்கு முளைக்கும் என்பது யாருக்கும் தெரியாது. மழை திரும்பி வந்தும் வயல் சொட்டையாக நிற்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

சரிவைப் பொறுத்து வயலைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து வரப்பு கட்டும் வழக்கமும் உண்டு. ஓடும் நீரை ஒவ்வொரு பாத்தியும் நிறுத்திக் குடிக்கும். வரப்பு போட்ட வயலுக்கும் போடாத வயலுக்கும் உள்ள வித்தியாசம் மழை குறைந்த ஆண்டில்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அது ஜிலால் கடைசியில், உடம்பில் தெம்பு குறைவாக இருக்கும் நேரத்தில் செய்ய வேண்டிய வேலை.

வரைபடப்பித்தன் | பதிவு 4

மானாவாரி அவர்களே, விளைச்சல் எவ்வளவு? ஒரு குடும்பத்துக்குப் போதுமா?

மானாவாரி | பதிவு 5

சாதாரண ஆண்டில் ஹெக்டேருக்கு 300 முதல் 500 கிலோ. உரம் இல்லை, பாசனம் இல்லை. ஒரு கணக்கு போடுவோம். ஏழு பேர் உள்ள குடும்பம், ஆளுக்கு நாளைக்கு 350 கிராம் தானியம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 900 கிலோ. நிலம் 3 ஹெக்டேர், விளைச்சல் 400 கிலோ என்றால் 1,200 கிலோ கிடைக்கும். மிச்சம் 300. மொத்த விளைச்சலில் பத்தில் ஒன்று சகாத், அதாவது மார்க்கக் கடமையான தானம், என்றால் 120 போகும். பிறகு விதை, கடன், எண்ணெய், சர்க்கரை, துணி. நல்ல ஆண்டிலேயே மிச்சம் இவ்வளவுதான். விளைச்சல் 150 கிலோவுக்கு இறங்கினால் மொத்தம் 450 கிலோ, ஆறு மாதத்தில் தீரும்.

'சோளக் களஞ்சியம்' என்பது மாகாணத்தை மொத்தமாகக் கூட்டிப் பார்த்துச் சொல்வது. தனித்தனி வீட்டின் கையில் உபரி மெல்லியது. நல்ல ஆண்டின் உபரியைக் கெட்ட ஆண்டுக்குக் கொண்டுபோவதில்தான் அந்த வாழ்க்கையே நிற்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் வழி நிலத்தடிக் குழி. குதிர் அதைப் பற்றி எழுதினால் நல்லது.

குதிர் | பதிவு 6

அந்தக் குழிக்குப் பெயர் பகார். இப்படிச் செய்வார்கள்.

இடம்: மேடான, கெட்டிக் களிமண் தரை, மழைநீர் ஓடும் பாதைக்கு விலகி. ஆழம் ஆள் உயரமோ சற்றுக் கூடவோ. வாய் குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் வெட்டுவார்கள். நன்றாகக் காய விடுவார்கள். அடியிலும் சுவரிலும் சோளத்தட்டையும் உமியும் கனமாக அடைப்பார்கள், மண் ஈரம் தானியத்தைத் தொடக்கூடாது என்பதற்காக. தானியம் பல்லில் கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும்; நசுங்கினால் இன்னும் வெயிலில் போட வேண்டும். நிரப்பியபின் மேலே மறுபடி உமி, அதன்மேல் மண், கடைசியில் குவியலாக மேடு கட்டி மிதித்து இறுக்குவார்கள்.

பாதுகாப்பின் சூட்சுமம் காற்று. மூடிய குழியில் தானியமும் அதிலுள்ள வண்டுகளும் இருக்கும் பிராணவாயுவை மூச்சாக இழுத்துத் தீர்த்துவிடும். பிறகு வண்டு சாகும். மருந்து வேண்டாம். திறக்காமல் விட்டால் பல ஆண்டுகள் தாங்கும். தவறு நடக்கும் இடங்கள் மூன்று. சுவரோரம் ஈரம் ஊறிப் பூஞ்சை பிடிப்பது. மேட்டில் வெடிப்பு விழுந்து மழை இறங்குவது. கொஞ்சம் எடுத்துவிட்டு மறுபடி மூடுவது. இதுதான் மிக மோசம், புதுக்காற்று உள்ளே போனால் வண்டு மறுபடி பெருகும். அதனால் ஒரே பெரிய குழியைவிடப் பல சிறு குழிகள் நல்லது. ஒன்றைத் திறந்தால் அதை முழுக்கக் காலி செய்துவிடலாம்.

முக்கியமான எச்சரிக்கை: திறந்த உடனே ஆள் இறங்கக்கூடாது. உள்ளே கரியமிலவாயு தேங்கி நிற்கும், ஆளைக் கொல்லும். பல மணி நேரம் திறந்து வைத்து, விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்க்க வேண்டும். அணைந்தால் இறங்கவே கூடாது.

விதைச்சோளத்தை இந்தக் குழியில் வைப்பதில் பயனில்லை. சாப்பிடக் குறையிருக்காது, ஆனால் முளைப்பு குன்றிவிடும். விதைக்கான கதிர்களைத் தனியாக எடுத்து அடுப்புப் புகை படும்படி கூரையில் கட்டி வைப்பதுதான் முறை. இதைக் கவனிக்காத நிவாரணத் திட்டம் உணவுத் தானியத்தையே 'விதை' என்று கொடுத்துவிடும்.

தண்டுத்துளை | பதிவு 7

மானாவாரி கூ பருவத்தோடு நிறுத்திவிட்டார். டெய்ர் பயிரைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு.

அங்கே கூ அறுவடை முடிந்ததும் சோளத்தின் கட்டையை விட்டுவிடுவார்கள். டெய்ர் மழையில் அது மறுதாம்பாகத் துளிர்க்கும். விதைச் செலவு இல்லை, உழைப்பு மிச்சம், வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் சீக்கிரம் கதிர் வரும். இதனாலேயே 'மறுதாம்பு வேண்டாம், புதிதாக விதையுங்கள்' என்ற அறிவுரை எடுபடுவதில்லை.

ஆனால் விலை இருக்கிறது. தண்டுத் துளைப்பான், கைலோ பார்ட்டெல்லஸ் என்ற புள்ளிப்புழு, காய்ந்த தட்டைக்குள்ளேயே உறங்கிக் கோடையைக் கழிக்கும். வயலில் பச்சைக் கட்டை நின்றால் அதற்குத் தொடர்ந்து சோறு. அடுத்த கூ பருவத்தில் மூன்று வார நாற்றின் நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும். அடியில் அழுகல், துளை, புழுவின் கழிவுத்தூள். அந்தக் குழி போச்சு. கொஞ்சம் வளர்ந்தபின் தாக்கினால் தண்டுக்குள் சுரங்கம் போட்டு, கதிர் பால் பிடிக்கும்போது காற்றில் ஒடியும்.

தட்டையை எரித்தால் புழு அழியும். ஆனால் ஜிலால் மாதங்களில் மாட்டுக்குத் தீனியே அந்தத் தட்டைதான். கூரையும் வேலியும் அதுதான். எரிக்கச் சொல்வது நடக்காத காரியம். நடக்கக்கூடியது: அறுத்த தட்டையை உடனே அடுக்கி வைக்காமல் சில வாரம் வெயிலில் மெல்லிய படுக்கையாகப் பரப்புவது. உள்ளிருக்கும் புழுவில் பெரும்பகுதி வெப்பத்தில் சாகும், தீனியும் மிஞ்சும்.

மானாவாரி | பதிவு 8

பரப்பி வைப்பதை ஏற்கிறேன். மறுதாம்பை விடுவதற்கில்லை. டெய்ர் மழை சரியாக அமையாத ஆண்டில் புது விதை போட்டவனுக்கு விதையும் நஷ்டம். கட்டை விட்டவனுக்குத் தட்டையாவது மிஞ்சும். இழப்பு எவ்வளவு சிறியது என்பதைப் பார்த்துத்தான் அவர்கள் முடிவெடுக்கிறார்கள். அது சரியான முடிவு.

ஊருணி | பதிவு 9

நீர்க் கணக்கை வைக்கிறேன், இந்த இழையின் கேள்விக்கு விடை பெரும்பாலும் இதில்தான் என்று நினைக்கிறேன்.

கிராமங்கள் உட்கார்ந்திருப்பது வார் எனப்படும் வெட்டுக்குளங்களைச் சுற்றி. நம் ஊருணியைப் போலக் களிமண்ணில் தோண்டி, தோண்டிய மண்ணைக் கரையாகக் குவித்து, ஓடைநீரை வாய்க்காலில் திருப்புவார்கள். சுற்றி முள்வேலி. மாடு நேராக இறங்கக்கூடாது; வாளியில் இறைத்துத் தொட்டியில் ஊற்ற வேண்டும். யார் எப்போது இறைப்பது, வெளி மந்தைக்கு அனுமதி உண்டா என்பதெல்லாம் ஊர்க் கட்டுப்பாடு.

மாதிரிக்கு ஒரு குளம்: 40 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். கரைச்சரிவை விட்டுவிட்டால் 2,400 கனமீட்டர். ஆவியாதல் நாளைக்கு 5.5 மில்லிமீட்டர் என்றால் நூறு நாளில் 55 சென்டிமீட்டர், அதாவது 660 கனமீட்டர் வானத்துக்கு. மிச்சம் 1,740. தேவை: 600 பேருக்கு ஆளுக்குப் பத்து லிட்டர், 6 கனமீட்டர். 200 மாட்டுக்கு 20 லிட்டர் வீதம் 4. 500 ஆட்டுக்கு 4 லிட்டர் வீதம் 2. ஆக நாளைக்கு 12 கனமீட்டர். கசிவைச் சேர்க்காமல் 145 நாள் வரும். ஜிலால் கடந்துவிடலாம்.

இப்போது அரை மீட்டர் வண்டல் படிந்ததாக வையுங்கள். 600 கனமீட்டர் போச்சு. மிச்சம் 1,140, அதாவது 95 நாள். டிசம்பர் நடுவில் நிரம்பிய குளம் மார்ச் இருபதுக்குள் சேறு. கூ மழைக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கும். அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் மாடு சாகும், தண்ணீர் லாரிக்காரர் சொன்னதே விலையாகும், குடும்பங்கள் பைதோவாவை நோக்கி நடக்கத் தொடங்கும். தூர் வாரியிருந்தால் கதை வேறு. தூர் வார ஆள் வேண்டும். ஆள் இடம்பெயர்ந்து போயிருந்தால் வண்டல் அப்படியே கிடக்கும், அடுத்த ஆண்டு இன்னும் கூடும்.

மந்தை | பதிவு 10

கால்நடைப் பக்கம் சில விவரங்கள்.

மாடும் ஆடும் ஊரோடு; ஒட்டகம் டோய்க் காட்டில் இளைஞர்களோடு. ஒட்டகம் வறட்சியில் எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை குடித்தால் போதும், மாட்டுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஜிலால் கடுமையானால் மாட்டை ஷபெல்லே பக்கமோ ஜூபா பக்கமோ ஓட்ட வேண்டும். மழைக்காலத்தில் அங்கே நிற்க முடியாது: ஆற்றோரப் புதர்களில் செட்சி ஈ, அது கடித்தால் டிரிப்பனசோம் நோய். ஆகையால் முதல் மழை கேட்டதும் மேட்டுக்குத் திரும்புவார்கள். இந்தப் போக்குவரத்து பாதை அடைபட்டால், சண்டையாலோ சோதனைச் சாவடியாலோ, மாடு குளத்தடியிலேயே சாகும்.

விலைதான் இரண்டு ஊன்றுகோலையும் ஒரே நேரத்தில் முறிப்பது. வறட்சியில் எல்லோரும் ஒரே வாரத்தில் ஆடு விற்பார்கள். மெலிந்த ஆடு, விலை சரியும். அதே வாரம் சோளம் ஏறும். ஒரு ஆட்டுக்கு எத்தனை கிலோ சிவப்புச் சோளம் என்பதைப் பைதோவா சந்தையில் வாராவாரம் பார்த்தாலே நிலைமை விளங்கும். வரைபடப்பித்தன் கேட்டதற்கு விடை இது: ஊன்றுகோல் இரண்டு, ஆனால் இரண்டும் ஒரே மழையில் ஊன்றியவை.

குடிவழி | பதிவு 11

மக்களைப் பற்றி யாரும் எழுதாததால் நான். சோமாலியர் என்றால் எல்லோரும் நாடோடி ஒட்டகக்காரர், ஒரே மொழி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பூர் ஹகபாவுக்கு அது பொருந்தாது.

இங்கே பெரும்பான்மை ரஹன்வெய்ன் எனப்படும் திகில், மிரிஃப்லே குலங்கள். பூர் ஹகபா, எலாய் குலத்தின் மையம். பேச்சு மாய் மொழி. வடக்கே வளர்ந்தவருக்கு எளிதில் புரியாது. 1972-ல் சோமாலிக்கு லத்தீன் எழுத்து வந்தபோது நிர்வாகமும் பள்ளியும் மஹா திரி என்ற மற்ற வழக்கில்தான் நடந்தன. 2004 இடைக்காலச் சாசனமும் பிறகு 2012 இடைக்கால அரசியலமைப்பும்தான் மாய், மஹா திரி இரண்டையும் ஆட்சிமொழியாகச் சேர்த்து எழுதின. ஒரு தலைமுறை அரசின் தாளையும் வானொலியையும் அரைகுறையாகவே பெற்றது என்பது இதன் விளைவு.

குலத்தின் அமைப்பும் வேறு. நிலம் தேவைப்பட்டவர்கள் வேறு குலங்களிலிருந்து வந்து, சேர்ந்து, அதே பெயரில் ஆனார்கள். வந்தவர் ஊர்க் கடமைகளையும், கொலைக்கு ஈடாகக் கொடுக்கும் இரத்தப்பணத்தையும் பங்கிட்டால் வயலும் குளமும் உண்டு. தலைவர் மலாக். 1975 நிலச் சட்டம் நிலத்தை அரசுடையதாக்கிப் பதிவு கேட்டது; இங்குள்ள மானாவாரி வயல்கள் பெரும்பாலும் பதிவேட்டுக்கு வெளியேதான் நின்றன. அதனால் ஒருவர் இடம்பெயர்ந்து திரும்பினால் வயலை நிரூபிப்பது மூத்தோர் நினைவு மட்டுமே.

பூர் ஹெய்பே குன்றைச் சுற்றி எய்லே மக்கள் இருக்கிறார்கள். வேட்டை மரபும் மண்பாண்டத் தொழிலும் உடையவர்கள், மற்றவர்களால் தாழ்வாக நடத்தப்பட்டவர்கள். அதே குன்றின் பாறை ஒதுங்கிடங்களில் 1935-ல் அகழ்வு நடந்தது; பிறகு 1980-களில் அகழ்ந்தபோது, பல்லாயிரம் ஆண்டு பழைய வேட்டைக்காரர் அடக்கங்கள் மான்கொம்போடு கிடைத்தன. ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியின் வரலாற்றில் இது பெரிய சான்று.

வீடு: வட்டக் குடிசை முந்துல், செவ்வகச் சுவர்வீடு அரீஷ். உணவு சோளக்களி, பாலும் நெய்யும் இருந்தால் அதன்மேல். விருந்தாளிக்குக் காப்பிக்கொட்டையை நெய்யில் பொரித்துக் கொடுப்பார்கள். கொட்டையை மென்று, அந்த நெய்யைக் கையிலும் தலையிலும் தடவிக்கொள்வார்கள். அந்தத் தட்டு வராத வீட்டில் கஷ்டம் தொடங்கிவிட்டது என்று அக்கம்பக்கம் புரிந்துகொள்ளும்.

குதிர் | பதிவு 12

இனிப் பஞ்சத்துக்கு வருவோம். 1991-92-ல் உள்நாட்டுப் போரின்போது வந்த பஞ்சத்துக்கு மழை மட்டும் காரணமில்லை. பின்வாங்கிய படைகளும் துரத்தி வந்த படைகளும் இந்தச் சோளப் பகுதியை மாறி மாறி மிதித்தன; பகார் குழிகளைத் தோண்டிச் சோளத்தை எடுத்தார்கள், மாட்டை ஓட்டிப்போனார்கள். நிலத்தடிக் குழியின் பலம் மறைவு. ஆயுதம் ஏந்தியவன் இடத்தைக் காட்டச் சொன்னால் அந்தப் பலம் போய்விடும். அதன்பிறகு பலர் பெரிய குழி வெட்டத் தயங்கி, அறுவடையில் விலை மலிந்திருக்கும்போதே மூட்டையில் விற்றார்கள்.

2011-ல் ஜூலை 20 அன்று தென் பகூலிலும் கீழ் ஷபெல்லேயிலும் பஞ்சம் அறிவித்தார்கள். செப்டம்பர் 5 அன்று பே மாகாணமும் சேர்ந்தது. 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை தெற்கு, மத்திய சோமாலியாவில் இறந்தவர்கள் சுமார் 2,58,000 என்று பின்னர் மதிப்பிட்டார்கள். பாதிக்குமேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். கிராமப்புறம் அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் கையில் இருந்தது, உதவி அமைப்புகள் பலவற்றை அவர்கள் தடை செய்திருந்தார்கள். அறிவிப்பு வந்தபோது சாவு ஏற்கெனவே மாதக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது. இதை மறக்கவே கூடாது.

வரைபடப்பித்தன் | பதிவு 13

2022-ல் முன்னறிவிப்பு வந்தும் பஞ்சம் என்று முறையாக அறிவிக்கப்படவில்லையே? அப்படியானால் மிகைப்படுத்தினார்களா?

ஊருணி | பதிவு 14

இல்லை. பஞ்சம் என்று சொல்ல மூன்று வரம்பும் சேர்ந்து தாண்ட வேண்டும்: ஐந்தில் ஒரு வீடு உணவே இல்லாத நிலை, குழந்தைகளில் 30 சதவீதத்துக்குமேல் கடும் மெலிவு, நாளைக்குப் பத்தாயிரம் பேரில் இருவர் சாவு. 2020 டெய்ர் முதல் 2022 டெய்ர் வரை ஐந்து பருவம் தொடர்ந்து பொய்த்தன. அந்த வரம்பின் விளிம்பில் உதவி பெருகியதால் தாண்டவில்லை. அந்த ஒரே ஆண்டில் நாடு முழுக்க வழக்கத்துக்கு மேலாக 43,000 பேர் இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. 'அறிவிக்கவில்லை' என்பதற்கு 'சாகவில்லை' என்று பொருள் கொள்ளக்கூடாது.

மந்தை | பதிவு 15

இந்த மாவட்டத்தைத் தொடர்ந்து கவனிக்க விரும்புபவர்களுக்கு: ஏப்ரல் இரண்டாம் பாதியில் மழை விட்ட இடைவெளி எத்தனை நாள், மே மாதம் மறுவிதைப்பு நடந்ததா, ஜூலையில் பைதோவா சிவப்புச் சோள விலை இறங்குகிறதா என்று பாருங்கள். அறுவடை மாதத்திலும் விலை இறங்கவில்லை என்றால் குழிகள் நிரம்பவில்லை. அதற்கு மேல் டெய்ர் மழையும் தவறினால் பிப்ரவரிக்குக் காத்திருக்க வேண்டாம். தண்ணீர் லாரிக்கும், பால்மாட்டுக்குத் தீனிக்கும், விதைக்கும் நவம்பரிலேயே பணம் போய்ச் சேர வேண்டும்.

தண்டுத்துளை | பதிவு 16

விதை கொடுப்பவர்கள் முளைப்புச் சோதனை செய்துவிட்டுக் கொடுக்கட்டும். ஈரச் சாக்கில் நூறு விதை சுருட்டி வைத்து ஐந்தாம் நாள் எண்ண வேண்டும். எழுபதுக்குக் கீழே முளைத்தால் அந்த மூட்டை சமையலுக்குத்தான்.